கொல்லைக் கோழியும் கைவைத்தியமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர், மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் கோழியைப் பற்றிப் பேசப் போகிறார் என்பதை அழைப்பிதழில் கண்டு நகைத்தவர்கள் உண்டு. அந்நகைப்பில் நமக்கு வருத்தமில்லை. கல்வியைப் பற்றி வகுப்பறையில் முப்பது ஆண்டுகளாகப் பேசிவருகிறோம். அக்கல்விக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றி இன்று சிறிது பேசலாம் என்று கருதுகிறோம்.

1980-களின் நடுப்பகுதியில் நாம் பத்தாம் வகுப்புப் படித்தோம். அப்போது திருவள்ளூர்ப் பகுதி செங்கல்பட்டு மாவட்டத்துடன் இணைந்திருந்தது. தனி மாவட்டமானது 1997-இல்தான். எங்கள் தந்தையார் கூலி வேலைக்குச் சென்றார். அன்னையார் நாற்று நடவும் களை பறிக்கவும் சென்றார். அவ்விருவர் கூலியும் அரிசிக்கும் உப்புக்கும் சரியாகப் போயிற்று. பள்ளிக் கட்டணத்திலிருந்து அரசு நமக்கு விலக்கு அளித்திருந்தது உண்மை. ஆனால் நோட்டுப் புத்தகத்திற்கு விலக்கில்லை, உரைநூலுக்கு விலக்கில்லை, மழைநாளில் பேருந்தில் ஏறினால் நடத்துநரிடம் விலக்கில்லை. இவை அனைத்தும் கொல்லையில் மேய்ந்த கோழிகளிடமிருந்தே வந்தன. முட்டை விற்ற காசு நோட்டாயிற்று. வெடைக்கோழி விற்ற காசு சட்டையாயிற்று. சேவல் ஒன்று விற்றால் அன்று வீட்டில் ஒரு கடன் தீர்ந்தது என்று பொருள்.

1891-இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் நமக்கென நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் தேடிக்கொண்டிருப்பது அதைத்தான். அந்நிலம் யார் யார் கைக்குப் போயிற்று என்பது வேறொரு கூட்டத்தில் பேசவேண்டிய செய்தி. நிலம் போன வீடுகளில் எஞ்சியது கோழி. பட்டா வேண்டாத, பத்திரம் வேண்டாத, பெண்ணின் பெயரிலேயே இருக்கின்ற ஒரே சொத்து அதுவே. ஆகவே அதனைக் காப்பது எப்படி என்ற கேள்வியைச் சிறு கேள்வியாக நாம் எண்ணுவதற்கில்லை.

அந்தப் பத்தாம் வகுப்பு ஆண்டில், மாசி மாதத்தில், எங்கள் கொல்லையில் பதினான்கு கோழிகள் இருந்தன. ஒரு நாள் காலையில் இரண்டு கோழிகள் கூண்டிலிருந்து இறங்கவில்லை. இறகு சிலிர்த்து, கண் செருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன. அன்னையார் உடனே அம்மியருகே அமர்ந்தார். சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, வேலியோரத்துக் கீழாநெல்லி, வேப்பங்கொழுந்து ஆகியவற்றை மைபோல அரைத்து, சுண்டைக்காய் அளவு உருட்டி, ஒவ்வொரு கோழியாக மடியில் இருத்தி, அலகைப் பிரித்து ஊட்டினார். ஐந்து நாளில் பதின்மூன்று கோழிகள் செத்தன. ஒன்று பிழைத்தது. அந்த ஒன்று பல ஆண்டுகள் முட்டையிட்டது. அன்னையார் தம் வாழ்நாள் முழுதும் அக்கோழியைக் காட்டி, கைவைத்தியத்தால் பிழைத்தது என்றே சொல்லிவந்தார். நாமும் அவ்வாறே நம்பினோம். பிழைத்த ஒன்றை நினைவில் வைத்தோம். மருந்து தின்று செத்த பதின்மூன்றை மறந்தோம்.

இதைச் சொல்வதால் கைவைத்தியத்தை இகழ்வதாக எவரும் எண்ணவேண்டாம். இகழ நமக்கு உரிமையுமில்லை. மருத்துவமனை வாசலில் நம் பாட்டன்மார் தள்ளி நிறுத்தப்பட்ட காலத்தில் மனிதரையும் மாட்டையும் காத்தது அதுவே. இன்றும் அது பயன்படும் இடங்கள் உண்டு. கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளம் காணும் அம்மை நோய்க்கு மஞ்சளும் வேப்பிலையும் வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவினால் புண் ஆறத் துணைசெய்கிறது. பேன் பிடித்த கோழிக்குச் சாம்பலும் உலர்ந்த மண்ணும் கலந்த குழி வேண்டும். கோழி தானே புரண்டு தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். சண்டையிட்ட சேவலின் காயத்திற்கு மஞ்சளைவிட எளிய மருந்து எது? 1989-இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமே மரபுவழி மூலிகை மருத்துவத்தைத் தஞ்சாவூரில் ஆய்வுசெய்து, நம் அன்னையர் அரைத்தவற்றை அளவோடும் முறையோடும் எழுதிவைத்திருக்கிறது. படித்தவர்கள் நம் அம்மியடிக்கு வந்து கற்றுச் சென்றிருக்கிறார்கள் என்பதில் நமக்குப் பெருமை உண்டு.

ஆனால் எந்த நோய்க்கு எது மருந்து என்ற எல்லையை அறியாதவரிடம் நல்ல மருந்தும் தீங்காகிவிடுகிறது. அந்த எல்லையைப் பற்றியே இன்று நாம் சொல்ல வந்தோம்.

எங்கள் கொல்லையில் வந்த நோய் கோழிக்கழிச்சல், அதாவது வெள்ளைக் கழிச்சல். இமயமலைச் சாரலில் உள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் 1927-ஆம் ஆண்டளவில் கண்டறியப்பட்டமையால் ராணிக்கெட் நோய் என்றும் அதனை அழைப்பர். இது நச்சுயிரியால் வருவது. நச்சுயிரி நோய் வந்தபின் கொடுக்கும் மருந்து கோழியின் உடல்வலிமைக்கு ஓரளவு துணை நிற்கலாம். நோயை விரட்டும் என்று சொல்வதற்கில்லை. வருமுன் காக்கத் தடுப்பூசி இருக்கிறது. குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் இறக்கையடியில் ஓர் ஊசி. இதற்கான மருந்தைச் செய்யும் நிலையம் நம் அண்டை மாவட்டமான இராணிப்பேட்டையில் 1932 முதல் இருந்துவருகிறது. நாம் பதின்மூன்று கோழிகளைக் குழிதோண்டிப் புதைத்தபோது, மருந்து பக்கத்து மாவட்டத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. அது நம் தெருவுக்குள் வரவில்லை. வரவேண்டும் என்று கேட்க நமக்குத் தெரியவில்லை.

பறவைக் காய்ச்சல் இதனினும் கொடியது. அதுவும் நச்சுயிரி நோயே. காட்டு நீர்ப்பறவைகளிடம் பன்னெடுங்காலமாக இருந்துவரும் சளிக்காய்ச்சல் இனத்தைச் சேர்ந்தது. எச்5என்1 என்று பெயரிட்ட கொடிய வகை 1996-இல் சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில் வாத்தினத்தைச் சேர்ந்த பறவைகளிடம் காணப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 மனிதரைத் தொற்றி 6 பேரைக் கொன்றது. அந்நகரிலிருந்த கோழிகளை முழுவதுமாக அழித்தே அன்று அதனை நிறுத்தினார்கள். நம் நாட்டிற்கு 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாபூரில் வந்தது. 2014-இலும் 2021-இலும் 2024-இலும் கேரளத்தின் ஆலப்புழைப் பகுதி வாத்துகளிடம் வந்தது. அதற்கு முன் 2008-இல் மேற்கு வங்கத்தில் வந்தது நம் நிலைமைக்கு நெருங்கியது. எனவே அதனைச் சிறிது விரித்துச் சொல்வோம்.

நவாபூரில் நோய் கண்டவை பெரும் பண்ணைகள். மேற்கு வங்கத்தில், பீர்பூம் மாவட்டத்தின் மார்கிராம் பகுதியில் தொடங்கிப் பல மாவட்டங்களில் பரவிய நோய், ஏழைகளின் கொல்லைக் கோழிகளைத் தாக்கியது. நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட பறவைகளை அழிக்க நேர்ந்தது. பண்ணைக்காரனிடம் கணக்குப் புத்தகம் இருக்கும். அதிகாரி சென்று எண்ணலாம். கொல்லைக் கோழி மரத்தில் உறங்குவது, அடுத்த வீட்டில் மேய்வது, பாட்டியின் கட்டிலடியில் அடைகாப்பது. அழிக்கவருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மக்கள் கோழிகளை ஒளித்துவைத்தார்கள், உறவினர் ஊருக்கு அனுப்பினார்கள், விரைந்து விற்றார்கள், அறுத்துத் தின்றார்கள். அறியாமை என்று செய்தித்தாள்கள் எழுதின. அதை நாம் முழுதும் ஏற்கவில்லை. ஐந்து கோழியே சொத்தாக உள்ளவள் அவ்வைந்தையும் ஒரே நாளில் சாக்குப்பையில் போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று எதிர்பார்ப்பது எளிது, நிகழ்வது அரிது.

இப்போது நம் தெருவுக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில், பொதலக்கூர் மண்டலத்தின் சாட்டகுட்ல ஊரிலும், கோவூர் மண்டலத்தின் கும்மல்லதிப்பை ஊரிலும் கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்து, பறவைக் காய்ச்சல் என்று உறுதியாயிற்று. கும்மிடிப்பூண்டியிலிருந்து நெல்லூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இடையில் நிற்பது ஒரு சோதனைச் சாவடி. ஓடுவது ஒரு பெருவழி. இரவு பகலாகக் கோழி வண்டியும் முட்டை வண்டியும் தீவன வண்டியும் அவ்வழியே போகின்றன. இங்கே தொழிற்பேட்டையில் வேலைசெய்யும் பிள்ளைகள் பலர் சூளூர்ப்பேட்டைப் பக்கத்திலிருந்து நாள்தோறும் ரயிலில் வருகிறார்கள். கிழக்கே பழவேற்காட்டு ஏரி. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரையில் பூநாரையும் வாத்தினங்களும் அங்கு வந்து தங்கும் பருவம். அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சல் வாத்துக் கூட்டங்கள் இறங்குவதும் அப்பருவத்திலேதான். பறவைகள்மேல் பழிபோடுவது நம் நோக்கமன்று. அவை நம் ஊர் தோன்றுமுன்பே வந்துகொண்டிருந்தவை. நம் கோழி எங்கே நீர் குடிக்கிறது என்பதைப் பார்க்கவேண்டியவர்கள் நாமே.

அதே மாதத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் கோழிகள் சாகத் தொடங்கின. முதல் நாள் இரண்டு வீடுகளில். மறுநாள் ஆறு வீடுகளில். நம் வீட்டிற்கு எதிரே வாழும் மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்து, நம் அன்னையார் செய்தவாறே, நோயுற்ற கோழியை மடியில் வைத்து அலகைப் பிரித்து மருந்துருண்டையைத் திணித்துக்கொண்டிருந்தார். கோழி திணறித் தும்மியது. சளி அவர் முகத்தில் தெறித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். அதே கையால் அருகிலிருந்த பேரனுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். “பெரியம்மா, நோய்க் கோழியை மடியில் வைக்காதீர்கள்” என்றோம். “வாயில்லாத சீவன் தம்பி, நான் பாக்காம யாரு பாப்பா?” என்றார். அதற்குமேல் நாம் ஒன்றும் சொல்லவில்லை.

அவையோர்களே, நாம் படித்தவர். நெல்லூர்ச் செய்தியை நாளிதழில் வாசித்தவர். இருந்தும் இரண்டு நாள் வாய்மூடியிருந்தோம். ஏன்? சொன்னால் அதிகாரிகள் வந்து தெருவிலுள்ள கோழிகள் அனைத்தையும் அழித்துவிடுவார்கள் என்று தாய்மார்கள் அஞ்சினர். நம் அச்சம் வேறு. நோய் காலனியிலிருந்து வந்தது என்று ஊரார் சொல்வார்களே, நம் பிள்ளைகளைப் பள்ளியில் ஒதுக்கி அமரவைப்பார்களே என்பது அது. காலமெல்லாம் அழுக்கென்றும் தீட்டென்றும் கேட்டுவந்த காதுக்கு அந்தச் சொல் எளிதில் தாங்காது. மூன்றாம் நாள் காலையில் நம் பள்ளியின் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, செத்த கோழியைத் தொட்டா கையைக் கழுவணும்னு பாடத்துல சொன்னீங்க, எங்க வீட்டுல கழுவல” என்று வந்து நின்றாள். அதன்பின்னரே கால்நடை மருத்துவரை அழைத்தோம்.

அவர் முகமூடியும் கையுறையும் அணிந்து வந்தார். செத்த கோழிகளிலிருந்து மாதிரி எடுத்துச் சென்றார். பறவைக் காய்ச்சலும் கோழிக்கழிச்சலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றக்கூடியவை என்றும், எது என்பதை ஆய்வகமே சொல்லும் என்றும் விளக்கினார். முடிவு வந்தபோது அது கோழிக்கழிச்சலே. தெரு முழுதும் பெருமூச்சு விட்டது. நமக்கோ அன்றிரவு உறக்கமில்லை. நாம் பேசாதிருந்த இரண்டு நாளில் பதினொரு கோழிகள் தெருவைவிட்டுப் போயிருந்தன. சில சந்தைக்கு, சில சம்பந்தி வீட்டுக்கு, சில குழம்புக்கு. அது பறவைக் காய்ச்சலாக இருந்திருந்தால்?

ஆகவே கைவைத்தியத்தின் எல்லையைத் தெளிவாகச் சொல்கிறோம். கோழிக்குச் சொறி, புண், பேன், சிறு மந்தம் என்றால் வீட்டு மருந்து செய்யுங்கள். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட கோழிகள் காரணமின்றிச் செத்தால், கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்தால், தலை வீங்கினால், காலில் இரத்தப் புள்ளி கண்டால், முட்டை சட்டென்று நின்றுபோனால், கழுத்து முறுக்கினால் அங்கே கைவைத்தியத்திற்கு வேலையில்லை. மஞ்சளோ பூண்டோ கீழாநெல்லியோ பறவைக் காய்ச்சலைத் தீர்ப்பதில்லை. பயனின்மை மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். நோயுற்ற கோழியின் எச்சிலிலும் சளியிலும் எச்சத்திலும் நச்சுயிரி நிறைந்திருக்கிறது. அலகைப் பிரித்து மருந்தூட்டும்போது நம் முகம் அதன் முகத்திற்கு ஒரு சாண் தொலைவில் இருக்கிறது. நோய் மனிதருக்குத் தாவ அதைவிட நேரான வழி ஒன்றுமில்லை. அன்போடு நீட்டும் கையே அங்கு பாலமாகிவிடுகிறது.

மனிதருக்கு இது எளிதில் தொற்றுவதில்லை என்பது உண்மை. தொற்றினால் தப்புவது கடினம் என்பதும் உண்மை. 2003 முதல் உலகில் எச்5என்1 தொற்றியதாக உறுதிசெய்யப்பட்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2021-இல் அரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் இறந்தான். 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சமைப்பதற்காக அரிந்த பச்சைக் கோழிக்கறித் துண்டை அக்குழந்தை தின்றதாகச் செய்தி வெளியாயிற்று. இறந்த இருவரும் சிறுவர் என்பதைத் தாய்மார்கள் மனத்தில் கொள்ளவேண்டும். கறியை நன்றாக வேகவைத்தால் நச்சுயிரி அழிந்துவிடுகிறது, குழம்பில் அச்சமில்லை. அச்சம் அறுக்கும் இடத்திலும் அரியும் பலகையிலும் இறகு பிடுங்கும் கையிலும் இருக்கிறது.

அப்படியானால் கோழியை எதனால் காப்பது? வேலி, நீர், சுண்ணாம்பு, சோப்பு. இந்நான்கும் இன்று நம் வீடுகளில் இருப்பவையே. கோழியை நாள் முழுதும் ஏரிக்கரையில் விடாமல், பழைய மீன்வலையாலோ மூங்கில் தட்டியாலோ கொல்லையை அடைத்து, தவிடும் குருணையும் உள்ளேயே இட்டால், நீர்ப்பறவையின் எச்சத்தோடு அதற்குத் தொடர்பு அறுகிறது. குடிநீர்ச் சட்டியை நாள்தோறும் கழுவி, குழாய்நீரை ஊற்றி, காக்கை வந்து குடிக்காதபடி பஞ்சாரத்திற்குள் வைக்கலாம். வாத்தையும் கோழியையும் ஒரே கூண்டில் அடைப்பதை நிறுத்தவேண்டும். வாத்து நோயைச் சுமந்தும் நோயின்றித் திரியும். கூண்டைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவுங்கள். சந்தையில் வாங்கிய புதிய கோழியை இரண்டு வாரமேனும் தனியே கட்டிவைத்துப் பார்த்தபின் மந்தையில் விடுங்கள். கோழியருகே செல்ல ஒரு செருப்பு, தெருவுக்கு ஒரு செருப்பு. இதைக் கேட்டு இளைஞர்கள் சிரிக்கிறீர்கள். நீங்கள் வேலைசெய்யும் மருந்துக் கம்பெனியிலும் உணவுக் கம்பெனியிலும் உள்ளே நுழையும்போது செருப்பை மாற்றச் சொல்கிறார்களே, அது எதற்காக? கம்பெனியின் பொருளுக்குக் காட்டும் தூய்மையை அம்மாவின் கோழிக்குக் காட்டக் கூடாதா?

இன்னொன்று. நம் பகுதியில் சாலையோரக் கறிக்கடைகள் பெருகிவிட்டன. அக்கடைகளின் கழிவு மூட்டை மூட்டையாக ஏரிக்கரையில், அதுவும் நம் குடியிருப்பை ஒட்டிய கரையில், கொட்டப்படுகிறது. நாய் இழுக்கிறது, காக்கை கொத்துகிறது, நம் கோழி கிளறுகிறது. எந்த ஊர்க் கோழியின் குடல் அது, எந்நோயால் செத்தது, யாருக்குத் தெரியும்? நம் தெருவோரம் குப்பைமேடன்று என்று ஊராட்சியில் எழுதிக்கொடுக்கும் வேலையை இளைஞர்கள் மேற்கொள்ளவேண்டும். பத்து வரி விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் இன்று நம்மில் எவருமில்லை.

செத்த கோழியைப் பற்றிச் சொல்லவேண்டியது சிறிது கசப்பானது. நோய்ப் பருவத்தில் மலிவுவிலைக் கோழி நம் தெருவைத் தேடிவரும். பாதிவிலை, கால்விலை என்று வண்டியில் கொண்டுவந்து தருவார்கள். வேறு தெருவுக்குப் போகமாட்டார்கள். செத்ததைத் தின்பவர்கள் என்று நம்மைச் சொல்லிச் சொல்லி, செத்ததையே நமக்கு விற்கிறார்கள். 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் நம் மக்களைப் பார்த்து, செத்த விலங்கின் இறைச்சியை விட்டொழியுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மானத்தின் பொருட்டு அவர் சொன்னார். அதே சொல் இன்று உயிரின் பொருட்டும் பொருந்துகிறது. தானாகச் செத்த கோழியை, சாகும் தறுவாயிலுள்ள கோழியை, எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள், சமைக்காதீர்கள், பிறருக்கு விற்கவும் செய்யாதீர்கள்.

புதைக்கும் வேலையும் உண்டு. பண்ணையில் நோய் கண்டு ஆயிரக்கணக்கில் கோழிகளை அழிக்கும்போது, அவற்றைப் பிடித்து, கழுத்தைத் திருகி, குழியில் இட்டு மூடும் கூலிவேலைக்கு யாரை அழைக்கிறார்கள் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. அவ்வேலைக்கு முழு உடற்கவசம், முகமூடி, கண்ணாடி, கையுறை, காலுறை ஆகியவற்றைத் தரவேண்டும். ஒசெல்டாமிவிர் என்னும் தடுப்பு மாத்திரை தரவேண்டும். வேலைக்குப்பின் பல நாட்கள் உடல்நிலையைக் கண்காணிக்கவேண்டும். இவை சலுகையன்று, அரசின் செயல்திட்டத்திலேயே எழுதப்பட்டவை. இவை கைக்கு வராமல் குழியருகே செல்லாதீர்கள். ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று வெறுங்கையோடு சென்றால் அந்த ஐந்நூறு மருத்துவமனைப் படிக்கட்டுக்குக்கூடப் போதாது.

சொன்னால் கோழி போய்விடுமே என்ற தாய்மார்களின் கவலைக்கு விடை சொல்லாமல் இறங்கினால் நாம் பேசியது வீண். நோய் உறுதியானால் அவ்விடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகளை அழிப்பார்கள். பத்துக் கிலோமீட்டர் வரையில் கண்காணிப்பார்கள். அழிக்கப்படும் பறவைக்கு மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து இழப்பீடு தருகின்றன. உயிரோடிருந்து அழிக்கப்படும் கோழிக்கே பொதுவாக அத்தொகை. முன்பே செத்துப்போனதற்கு இல்லை. ஆகவே நான்கு நாள் ஒளித்துவைத்தவளுக்குக் கோழியுமில்லை, பணமுமில்லை. முதல் நாளே சொன்னவளுக்குப் பணமேனும் மிஞ்சும். அப்பணம் ஒரு நாட்டுக்கோழியின் சந்தை விலைக்கு ஈடாகாது என்பதை நாம் அறிவோம். அதை உயர்த்தக் கேட்பதும் நம் உரிமை. 2009-ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், நோய் கண்டவர் அறிவிக்கவேண்டும் என்று கடமையாக்கியுமிருக்கிறது. அழைக்கவேண்டிய எண் 1962. கட்டணமில்லை. சுவரில் கரியால் எழுதிவையுங்கள்.

அந்த 2024-ஆம் ஆண்டுச் சாவுக்குக் காரணம் கோழிக்கழிச்சல் என்று தெரிந்தபின், தடுப்பூசி ஏன் போடவில்லை என்று மருத்துவர் கேட்டார். முகாம் நடந்தது உண்மை. காலை பத்து மணிக்கு, ஊர்த்தெருவில், கோயில் மரத்தடியில் நடந்தது. பத்து மணிக்கு நம் பெண்கள் தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நிற்கிறார்கள். வீட்டிலிருந்த கிழவிகளோ கோழிக்கூடையைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போகத் தயங்கினார்கள். தயக்கத்தின் காரணத்தை அவர் கேட்கவில்லை. புரிந்துகொண்டார் என்றே எண்ணுகிறோம். காலை ஆறு மணிக்கு உங்கள் தெருவுக்கே வருகிறோம், கோழிகளைக் கூடையில் பிடித்துவைக்க ஆள் இருக்குமா என்று மட்டும் கேட்டார். இருப்பார்கள் என்று சொல்லிவிட்டோம். 2025-இல் அவ்வாறே வந்தார்கள். கூடையோடு நின்றவை ஒன்பது வீடுகள்தாம்.

வருகின்ற பிப்ரவரி முகாமுக்குச் சங்கக் கட்டடத்தின் தாழ்வாரத்தைக் கேட்டிருக்கிறோம், பொறுப்பாளர்கள் இசைந்திருக்கிறார்கள். முதல் நாள் இரவே கோழியைப் பஞ்சாரத்தில் அடைத்துவிடுங்கள். விடிந்தபின் துரத்திப் பிடிக்க முடியாது. மருந்தைக் கரைத்தபின் இரண்டு மணிநேரத்திற்குள் போட்டுமுடிக்கவேண்டும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்திருப்பார்கள். வெயிலில் காத்திருக்க அதனால் முடியாது. கம்பெனி வண்டி ஆறே முக்காலுக்கு வருகிறது. ஆறு மணிக்கு இளைஞர் பன்னிருவர் தாழ்வாரத்தில் வேண்டும். பிடிக்க எண்மர், குறிப்பேட்டில் வீட்டுவாரியாக எழுத நால்வர். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் நம்மிடம் வருக.